பைப் வளையவில்லை, கால்தான் வளைந்தது: களக்காட்டு அடிவாரத்தில் ஒரு ராக் ஸ்லைடர் நிகழ்வு ஆய்வு

என் சித்தப்பாவின் வாழைத்தோட்டம் களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்துப் பட்டா நிலத்தில் இருக்கிறது. சாலை முடியும் இடத்திலிருந்து தோட்டத்துக் கிணறு வரை ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் வண்டிப் பாதை. அதில் ஒரே ஓடையை இரண்டு இடங்களில் இறங்கி ஏறிக் கடக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களை மூழ்கடித்த பெருமழை அந்தப் பாதையின் மண்ணை வாரிக்கொண்டு போய், அடியில் கிடந்த உருண்டைப் பாறைகளை மட்டும் விட்டுச் சென்றது. அதுவரை டிராக்டரும் சிறிய சரக்கு வண்டியும் போய்வந்த பாதையில் அதன்பின் உரமூட்டையும் மோட்டார் உதிரிப் பொருள்களும் சித்தப்பாவின் மஹிந்திரா தார் ஜீப்பில்தான் போய்ச் சேர்ந்தன. களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் எல்லை தோட்டத்து வேலிக்கு மேலே தொடங்குகிறது. இந்த ஆய்வில் வரும் எந்த ஓட்டமும் அந்த எல்லைக்குள் நடந்ததல்ல, நடக்கவும் கூடாது.

2024 ஜனவரியில் ஓடையின் இரண்டாவது இறக்கத்தில் ஜீப்பின் இடப்பக்கக் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகட்டுப் பெட்டி ஒரு பாறையில் அமர்ந்து உள்ளே அமுங்கியது. இந்தப் பகுதியை இனிக் கதவடித் தகடு என்று குறிப்பிடுகிறேன். கதவின் கீழ் விளிம்பும் உடலின் தரைத்தகடும் இதை ஒட்டியே இருப்பதால், இங்கே விழும் ஒரு சொட்டை கதவைப் பூட்ட விடாமல் செய்துவிடும். டிங்கரிங் செலவைப் பார்த்த பிறகுதான் சித்தப்பா, பாறை இந்தத் தகட்டில் படாமல் காக்கும் இரும்புக் குழாயான ராக் ஸ்லைடரைப் போட முடிவு செய்தார். அவர் முதலில் வாங்கியது தோற்றது. இரண்டாவதாக நெல்லைப் பேட்டையில் செய்து பூட்டியது நின்றது. இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு பைப்பில் இல்லை என்பதே நான் பதிவு செய்ய விரும்பும் செய்தி.

முதல் ஜோடி

எடையைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸ் தனியாகவும் உடல் தனியாகவும் இருக்கும் வண்டிகளில், உடல் ரப்பர் தாங்கிகளின் மேல் சேசிஸில் அமர்ந்திருக்கும். ராக் ஸ்லைடர் என்பது இந்த சேசிஸிலிருந்து கிளம்பி, கதவடித் தகட்டுக்குக் கீழும் சற்று வெளியிலும் நீளமாக ஓடும் இரும்புக் குழாய். பாறை மேலே தள்ளும் விசையை அது உடலுக்கு விடாமல் சேசிஸுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். அந்தப் பாறையின் மேல் வண்டி வழுக்கி நகரவும் உதவ வேண்டும். ஏறி இறங்க உதவும் ஃபுட் ஸ்டெப் வேறு, இது வேறு. கடைகளில் இரண்டும் ஒரே வரிசையில் தொங்குவதால் குழப்பம் அங்கேயே தொடங்குகிறது. மெல்லிய ஸ்டெயின்லெஸ் பைப்பில் பளபளவென்று செய்த ஃபுட் ஸ்டெப்பை யாரும் ஸ்லைடர் என்று நம்பப்போவதில்லை. தடித்த பைப்பில், கறுப்புப் பெயிண்டில், ஸ்லைடர் என்ற பெயரிலேயே விற்கப்படும் ஃபுட் ஸ்டெப்தான் ஆளை ஏமாற்றும்.

சித்தப்பா வெளியூர்க் கடை ஒன்றில் வாங்கியது அத்தகையதே. பைப் நல்ல கனம். ஒவ்வொரு பக்கமும் பைப்பைச் சேசிஸோடு இணைக்கும் மூன்று கால்கள். ஒவ்வொரு காலின் முனையிலும் 3 மி.மீ. பிளேட், ஒவ்வொரு பிளேட்டுக்கும் ஒரே கிடைவரிசையில் இரண்டு 10 எம்.எம். போல்ட். சேசிஸின் வெளிப்பக்கச் சுவரில் ஏற்கெனவே இருந்த துளைகளிலும், புதிதாகப் போட்ட சில துளைகளிலும், சுவரை வெளியிலிருந்தே கவ்விப் பிடிக்கும் ரிவெட் நட்டு வைத்து அவற்றை முடுக்கியிருந்தார்கள். பொருத்த எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பிளேட்டின் துளைகள் 14 மி.மீ. நீளத் துளைகளாக இருந்தன. மார்ச்சில் பூட்டியது ஜூன் வரை நன்றாகவே இருந்தது. ஆள்கள் அதன் மேல் ஏறி நின்று மேல்தளத்தில் கயிறு கட்டினார்கள், அது அசையவில்லை.

ஜூனில், சாரல் பிடித்திருந்த ஒரு காலையில், அதே இரண்டாவது இறக்கத்தில் இடப் பின்சக்கரம் பாறை விளிம்பிலிருந்து நழுவ, ஸ்லைடரின் நடுப்பகுதி அடுத்த பாறையில் உட்கார்ந்தது. வண்டியை வெளியே எடுத்துப் பார்த்தபோது பைப் நேராகவே இருந்தது. ஆனால் அது மொத்தமாக ஏறக்குறைய 30 மி.மீ. மேலே திரும்பி, டிங்கரிங் செய்து ஆறு மாதம்கூட ஆகாத கதவடித் தகட்டை மறுபடி அமுக்கியிருந்தது. பாதுகாக்க வைத்த பொருளே சேதம் செய்த பொருளாயிற்று என்பதைப் பார்த்து நின்ற சித்தப்பாவின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

கழற்றிப் பார்த்ததில் தெரிந்தவை

மூன்று கால்களையும் கழற்றி வரிசையாகத் தரையில் வைத்துப் பார்த்தோம். நடுக்காலின் இரண்டு ரிவெட் நட்டுகளும் சேசிஸ் சுவரிலிருந்து பிதுங்கி வெளியே வந்திருந்தன. பின்காலில் ஒன்று, இடம்விட்டுச் சுழன்றுகொண்டிருந்தது. நடுக்காலின் 3 மி.மீ. பிளேட், வெல்டிங் முடியும் கோட்டை ஒட்டி மடங்கியிருந்தது. எல்லாவற்றையும்விட எனக்குப் பாடமாக அமைந்த தடயம், சேசிஸ் சுவரில் பிளேட்டின் மேல்விளிம்பு பதிந்த இடத்தில் பெயிண்ட் போய் விழுந்திருந்த ஒரு கோடு. பிளேட்டின் கீழ்விளிம்பு பட்ட இடத்தில் அப்படி எதுவும் இல்லை.

அந்தக் கோடு என்ன சொல்கிறது என்பதை விரித்துச் சொல்ல வேண்டும். சுவரில் அடித்த அலமாரிப் பலகையின் மேல் எடை வைத்தால், அதைத் தாங்கும் ஆங்கிளின் மேல் திருகு சுவரை விட்டுப் பிய்ந்து வரப் பார்க்கும், கீழ்முனை சுவரில் அழுந்தும். ஆள் ஏறி நிற்கும் ஃபுட் ஸ்டெப்புக்கும் இதுவே கணக்கு. அதனால் போல்ட்டுகளைப் பிளேட்டின் மேல்பகுதியில் வைப்பார்கள், அது சரியும்கூட. ராக் ஸ்லைடரில் எடை கீழிருந்து மேலாக வருகிறது. அலமாரி தலைகீழாகிறது. இப்போது பிளேட்டின் மேல்விளிம்பு சேசிஸில் அழுந்துகிறது, கீழ்ப்பகுதி பிய்ந்து வரப் பார்க்கிறது. பிய்ந்து வரும் பக்கத்தில் போல்ட்டே இல்லை. இருந்த போல்ட்டுகள் அழுந்தும் விளிம்பிலிருந்து வெறும் 30 மி.மீ. தள்ளி இருந்தன.

எண்ணாகப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒரு பாறை ஒரு காலுக்கு நேர்கீழே பட்டு 600 கிலோ எடையை அதன்மேல் ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். சேசிஸ் சுவரிலிருந்து பைப்பின் மையம் வரை 200 மி.மீ. என்றால், திருப்பு விசை 120 கிலோ-மீட்டர், அதாவது 600 கிலோவை 0.2 மீட்டரால் பெருக்கியது. அதை 30 மி.மீ. நெம்புதூரத்தில் (அழுந்தும் விளிம்பிலிருந்து போல்ட் வரையுள்ள தூரம்) எதிர்க்க 4,000 கிலோ இழுவிசை வேண்டும். அதாவது ஒரு போல்ட்டுக்கு 2,000 கிலோ. மெதுவாக ஏற்றும் எடைக்கே இந்தக் கணக்கு. வண்டி நழுவித் திடீரென உட்கார்ந்தால் விசை இருமடங்காகும். 8.8 தரத்து (இந்த எண் போல்ட்டின் வலிமையைக் குறிப்பது) 10 எம்.எம். போல்ட் தனியாக ஏறக்குறைய 3,400 கிலோ இழுவிசையை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். ஆகவே போல்ட் அறவில்லை. மெல்லிய சுவரைக் கவ்விப் பிடித்திருந்த ரிவெட் நட்டுதான் முதலில் கைவிட்டது. அதே 120 கிலோ-மீட்டரை 110 மி.மீ. நெம்புதூரத்தில் எதிர்த்திருந்தால் ஒரு போல்ட்டுக்கு 550 கிலோவுக்கும் குறைவாகவே விழுந்திருக்கும். இரும்பைக் கூட்டாமல், போல்ட்டின் இடத்தை மாற்றியே விசையைக் கால்பங்குக்கு அருகில் கொண்டுவரலாம்.

பேட்டையில் எனக்குப் பழக்கமான பட்டறை அண்ணாச்சியிடம் அந்தக் காலைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பைப்பை எல்லாரும் தட்டித் தட்டிப் பாக்காங்க தம்பி, காலைத்தான் ஒருத்தரும் குனிஞ்சு பாக்க மாட்டேங்காங்க" என்றார். நான் மேலே எழுதிய கணக்கையெல்லாம் அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

வெல்டிங்கா, போல்ட்டா

நேராகச் சேசிஸில் வெல்டிங் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி. நன்றாக வைத்த வெல்டிங் போல்ட்டைவிட உறுதியானது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சேசிஸ் இரும்பில் சூடு ஏறிய ஓரம் பின்னாளில் விரிசலுக்கு இடம் தரும். பெட்டி வடிவச் சேசிஸின் உள்ளே பூசிய பெயிண்ட் அந்த இடத்தில் எரிந்து, கண்ணுக்குத் தெரியாமல் துரு தொடங்கும். அதோடு வண்டியை இனிப் பழைய நிலைக்குக் கொண்டுவரவே முடியாது.

கடைசியாகச் சொன்னது சட்டத்தோடும் தொடர்புடையது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. முன்பக்க க்ராஷ் கார்டு, புல் பார் ஆகியவற்றின் மேல் நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. எனவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டும்தான் இதில் இறங்க வேண்டும். தேவைப்பட்டால் ஒரு மணி நேரத்தில் கழற்றக்கூடியதாகவும் அது இருக்க வேண்டும். உடலின் அகலத்தைத் தாண்டி நடப்பவர் காலில் இடிக்கும்படி எதுவும் வெளியே நீளக்கூடாது என்பதைச் சட்டம் சொல்லும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இரும்புத் தேர்வு

பைப் விஷயத்தில் அதிகம் அலைய வேண்டியிருக்கவில்லை. நெல்லையில் எளிதாகக் கிடைப்பது ஐ.எஸ். 1239 என்ற இந்தியத் தரநிலைக் குழாய். கடையில் 40 எம்.எம். என்று கேட்டால் வருவதன் வெளிவிட்டம் 48.3 மி.மீ. என்பதை அறியாமல் அளவெடுத்துப் போனால் வரைபடம் முழுவதும் தப்பிப்போகும். இதில் மஞ்சள் பட்டை போட்டது ஏ கிளாஸ், நீலம் பி கிளாஸ், சிவப்பு சி கிளாஸ், 40 எம்.எம். பைப்பின் சுவர்க்கனம் முறையே 2.9, 3.2, 4.0 மி.மீ. புது ஜோடியில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு பைப்: பாறையில் நேரடியாக உட்காரும் உள்பைப்புக்குச் சி கிளாஸையும், கால் வைக்கவும் மரத்தையும் பாறையையும் பக்கவாட்டில் தள்ளவும் உதவும் வெளிப்பைப்புக்கு 32 எம்.எம். பி கிளாஸையும் எடுத்தோம். இரண்டும் கறுப்புப் பைப். துருப்பிடிக்காது என்று ஜி.ஐ. பைப்பைக் கடையில் எடுத்து நீட்டுவார்கள்; அதன் மேலிருக்கும் துத்தநாகம் வெல்டிங் சூட்டில் புகையாகி, வெல்டருக்குக் காய்ச்சலைக் கொடுக்கும், பற்றும் சரியாகப் பிடிக்காது.

நீளத்தைப் பொறுத்தவரை, இந்த ஜீப்பின் சக்கர இடைவெளி 2,450 மி.மீ.; அதில் 18 அங்குல டயர்களின் விட்டம் ஏறக்குறைய 790 மி.மீ. போக மிஞ்சுவது 1,660 மி.மீ. முன்சக்கரம் முழுதாகத் திரும்பும்போதும், மட்கார்டின் உட்புறத்திலும் இடிக்காமலிருக்க 1,500 மி.மீ.யில் நிறுத்தினோம். உயரத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஸ்லைடர் கீழே தொங்கத் தொங்க, மேட்டின் உச்சியில் வண்டியின் வயிறு தட்டாமல் கடக்கும் கோணம் குறையும். இந்த வண்டிக்குத் தயாரிப்பாளர் சொல்லும் அளவு 27 டிகிரி. நடுவில் 25 மி.மீ. தாழ்த்தினால் அதில் ஏறக்குறைய 2 டிகிரி போய்விடும். அதனால் பைப்பைச் சேசிஸின் அடிமட்டத்துக்குக் கீழே இறக்காமல், கதவடித் தகட்டுக்கும் பைப்புக்கும் இடையே 20 மி.மீ. மட்டும் விட்டோம். இந்த இடைவெளியை இன்னும் குறைக்க ஆசை வரும், குறைக்கக்கூடாது. ரப்பர் தாங்கிகளின் மேல் உடல் சேசிஸைவிட்டுத் தனியாக அசைகிறது, கரடுமுரடான இறக்கத்தில் அந்த அசைவு கண்ணுக்கே தெரியும்.

கால்கள் கிடையாக இல்லாமல் வெளிநோக்கி ஏறக்குறைய 15 டிகிரி மேலேறின. பாறையில் சாயும்போது வண்டி வெளிப்பைப்பில் மாட்டிக்கொள்ளாமல் வழுக்கி விலக இந்தச் சாய்வு உதவுகிறது.

காலும் பூட்டும்

நாங்கள் அதிக நேரம் செலவிட்டது இங்கேதான். ஒவ்வொரு காலும் 50-க்கு 50 சதுரக் குழாய், 4 மி.மீ. சுவர். அதன் முனையில் 6 மி.மீ. பிளேட், 200 மி.மீ. நீளம், சேசிஸைவிடச் சற்று உயரம். சேசிஸின் உட்புறத்தில் அதற்கு எதிராக இன்னொரு 6 மி.மீ. பிளேட். இரண்டையும் சேர்த்து இறுக்கும் கீழ்வரிசை 12 எம்.எம். போல்ட்டுகள் சேசிஸைத் துளைக்காமல் அதன் அடியை ஒட்டிக் கடக்கின்றன. பிய்ந்து வரப் பார்க்கும் பக்கம் கீழ்ப்பக்கம் என்பதால் வலுவான வரிசை அங்கே இருக்கிறது. மேல்வரிசைக்கு, இடம் இருந்த முன்காலிலும் பின்காலிலும் போல்ட்டுகள் சேசிஸின் மேலாகக் கடந்தன. நடுக்காலில் வயர் கட்டு குறுக்கே ஓடியதால், சேசிஸில் ஏற்கெனவே இருந்த துளை வழியாக 10 எம்.எம். போல்ட்டைச் செலுத்த வேண்டியிருந்தது. அப்படிச் செலுத்தும்போது பெட்டியின் உள்ளே, இரு சுவர்களுக்கும் நடுவில், லேத்தில் சரியான நீளத்துக்கு வெட்டிய ஒரு குழாய்த்துண்டு போல்ட்டைச் சூழ்ந்து நிற்க வேண்டும். அது இல்லாமல் முடுக்கினால் பெட்டிச் சுவர்கள் ஒன்றையொன்று நோக்கி அமுங்கும்; ஸ்பேனரில் இறுக்கம் தெரிந்துகொண்டே இருக்கும், உண்மையில் எதுவும் இறுகியிருக்காது.

புதுத்துளை போட்டே தீர வேண்டிய வண்டிகளில் அது சேசிஸின் பக்கச் சுவரில், உயரத்தின் நடுவை ஒட்டி வரட்டும். மேல், கீழ்த் தகடுகளில் வளைவிசை மிகுதியாக இருப்பதால் அங்கே துளை கூடவே கூடாது. எங்கே துளைத்தாலும் பிரேக் குழாயும் டீசல் குழாயும் மறுபக்கத்தில் ஓடுகின்றனவா என்று கையால் தடவிப் பார்த்த பிறகுதான் டிரில்லைத் தொட வேண்டும்.

பாறை மேலே தள்ளும்போது பிளேட் முழுவதும் சேசிஸின் மேல் வழுக்கி ஏறவும் இடமுண்டு. முதல் ஜோடியின் நீளத்துளைகள் அதற்கு வழிவிட்டிருந்தன. இதைத் தடுக்க வெளிப்பிளேட்டின் உட்புறத்தில், சேசிஸின் அடியைத் தாங்கிப் பிடிக்கும்படி ஒரு கீழ் உதட்டை வெல்டு செய்யச் சொன்னேன். எடை அந்த உதட்டின் வழியே நேராகச் சேசிஸுக்குப் போகிறது. போல்ட்டுகளுக்குப் பிடித்து வைத்திருக்கும் வேலை மட்டுமே மிஞ்சுகிறது. அடியில் தெரியும் போல்ட் தலைகள் பாறையில் தேயாமலிருக்க, அவற்றுக்கு முன்னும் பின்னும் சாய்வாக ஒரு சிறு இரும்புப் பட்டை வைத்தோம்.

பெயிண்ட் உரியக்கூடாது என்று பிளேட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவில் சைக்கிள் டியூப்பை வெட்டி வைக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. ஸ்லைடருக்கு அது ஆகாது. ரப்பர் நாள்பட அமுங்கிக்கொண்டே போகும், போல்ட்டின் இறுக்கமும் அதோடு போய்விடும். அதற்குப் பதிலாக இரண்டு முகங்களிலும் துத்தநாகப் பிரைமர் மெல்லியதாக அடித்தோம்.

பூட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் மட்டும் ஏற்றி, இரண்டு ஜாக்கிகளில் பைப்பைத் தாங்கி, 20 மி.மீ. மரச்சட்டத்தை இடைவெளியில் வைத்துச் சரிபார்த்த பிறகே இறுக்கத் தொடங்கினோம். நடுக்காலில் தொடங்கி முனைகளுக்குப் போனோம். இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சில் 10 எம்.எம். போல்ட்டுக்கு 48, 12 எம்.எம். போல்ட்டுக்கு 84 நியூட்டன் மீட்டர். எல்லாமே 8.8 தரம், அதிர்வில் எளிதில் கழலாத நைலாக் நட்டு. பட்டறையில் 17ஆம் நம்பர், 19ஆம் நம்பர் என்று ஸ்பேனர் அளவைச் சொல்லிப் போல்ட் வாங்கும்போது தரத்தைக் கேட்க மறந்துவிடுகிறோம், தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் பார்த்தே எடுத்தோம். ஒரு பக்கம் மொத்தம் 23 கிலோ வந்தது.

சோதனையும் மழைக்குப் பிந்தைய நிலையும்

முதல் ஜோடியை யாரும் சோதிக்கவில்லை. இம்முறை ஓடைக்குப் போகும் முன் பட்டறைத் தரையிலேயே பார்த்துவிட முடிவு செய்தோம். எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, வண்டியின் அடியில் யாரும் கையைக்கூட நீட்டாமல், ஸ்லைடரின் நடுவில் மரப்பலகை வைத்து 3 டன் ஜாக்கியால் இடப்பக்கச் சக்கரங்கள் தரையை விடும்வரை தூக்கினோம். 20 மி.மீ. இடைவெளி 15 ஆனது. இறக்கியதும் 20-க்கே திரும்பியது. இறக்கிய பின்னும் இடைவெளி குறைந்தே இருந்திருந்தால் ஏதோ ஒன்று வழுக்கியிருக்கிறது அல்லது நிரந்தரமாக வளைந்திருக்கிறது என்று பொருள், திரும்பக் கழற்றியிருப்போம். அதன்பின் ஒவ்வொரு நட்டின் மேலும் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டோம்.

100 கிலோமீட்டரில் பார்த்தபோது கோடுகள் அசையவில்லை என்றாலும், பின்காலின் இரண்டு நட்டுகள் ரெஞ்சில் கால் சுற்று ஏறின. நட்டு சுழலாமலே இறுக்கம் குறைந்திருந்தது. காரணம் என் கவனக்குறைவுதான்: பின்காலின் பிளேட்டுக்கு மட்டும் மேல்பெயிண்ட் கனமாக ஓடி, பொருந்தும் முகத்திலும் படிந்திருந்தது, அழுத்தத்தில் அந்தப் பெயிண்ட் நசுங்கியதால் இறுக்கம் தளர்ந்திருக்கிறது. கழற்றி, முகத்தைச் சுரண்டி, பிரைமரோடு மட்டும் திரும்பப் பூட்டினோம். 500 கிலோமீட்டரில் எதுவும் ஏறவில்லை.

அதே ஆண்டு வடகிழக்குப் பருவமழை முடியும்வரை ஜீப் வாரம் இரண்டு முறை தோட்டத்துக்குப் போய்வந்தது. இரண்டாவது இறக்கத்தில் இடப் பைப் பாறையில் உட்கார்ந்ததைச் சித்தப்பா நான்கு முறை எண்ணியிருக்கிறார். பைப்பின் அடியில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்ட் போய் இரும்பு தெரிகிறது, ஓரிடத்தில் சிறு சொட்டை. கதவடித் தகட்டில் ஒரு கீறல் இல்லை, கதவு விரல் தள்ளினால் பூட்டுகிறது. 2025 ஜனவரியில், பொங்கலுக்கு முந்தின வாரம், இரண்டு பக்கத்தையும் கழற்றி இறக்கினோம். ஒரு பக்கத்துக்கு நாற்பது நிமிடம் ஆனது. சேசிஸில் பிளேட் அழுந்திய கோடு எங்கும் இல்லை. கீழ் உதட்டின் மேல் மட்டும் செம்மண் சேறு இறுகி அடைந்து, ஈரம் காயாமல் கிடந்தது. அங்கே துரு தொடங்கியிருந்ததைத் தேய்த்து எடுத்து, ஒவ்வொரு உதட்டிலும் 8 மி.மீ. வடிகால் துளை போட்டுப் பிரைமர் அடித்து அன்று மாலையே திரும்பப் பூட்டினோம்.